லைசின்: சோறு தின்கிற நமக்கு ஏன் முக்கியம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பாடசாலை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வீடு கிழக்கே எழுவான்கரையில். புரதமும் அமினோ அமிலமும் நடத்துகிற கிழமையில் வழக்கமாகவே கேள்விகள் தொடங்கிவிடும். முதலில் பிள்ளைகள் கேட்பார்கள். அவர்கள் வீட்டில் போய்ச் சொன்ன பிறகு தாய்மார் கேட்பார்கள். அதற்குப் பிறகு ஜிம்முக்குப் போகிற தம்பிமார், சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போகிற அக்காமார், கோழி வளர்க்கிற அண்ணன்மார் என்று வரிசை நீளும். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். புரதம் கட்டுவதற்கு 20 அமினோ அமிலங்கள் இருக்க, லைசினை மட்டும் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மூன்று வேளையும் அரிசியை நம்பியிருக்கிற நம் ஊர்ச் சாப்பாட்டில் முதலில் குறைவது அதுதான். அந்தக் குறையை நிரப்புகிற பொருட்களும் நம் சந்தையிலேயே கிடைக்கின்றன.

லைசின் என்றால் என்ன?

நாம் தின்கிற புரதத்தை வயிறும் குடலும் உடைத்து அமினோ அமிலங்களாக்குகின்றன. உடல் அவற்றை எடுத்துத் தனக்கு வேண்டிய புரதங்களைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். 20 அமினோ அமிலங்களில் பலவற்றை நம் ஈரலும் மற்ற உறுப்புகளும் தாமே செய்துகொள்ளும். ஒன்பதை மட்டும் மனித உடலால் செய்ய முடியாது. அவை சாப்பாட்டில்தான் வந்தாக வேண்டும். லைசின் அந்த ஒன்பதில் ஒன்று.

1889இல் ஜெர்மானிய வேதியியலாளர் எட்மண்ட் டிரெக்சல் பாலிலுள்ள கேசீன் என்ற புரதத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். பிரித்தல், அவிழ்த்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. பாலை உறையவைக்கும்போது திரண்டு கட்டியாகிறதே, அந்தக் கட்டியில் பெரும்பகுதி கேசீன்தான். நம் ஊர் எருமைத் தயிர்ச் சட்டியில் அகப்பையை விட்டால் துண்டாக வெட்டுப்பட்டு வருவதும் அதுவே.

வேதியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வரி: மூலக்கூற்று வாய்பாடு C₆H₁₄N₂O₂. எல்லா அமினோ அமிலத்துக்கும் உள்ள அமினோக் கூட்டத்தோடு, பக்கச் சங்கிலியின் நுனியில் இன்னொரு அமினோக் கூட்டமும் உண்டு. உடலுக்குள் அந்த நுனி நேரேற்றம் பெற்றிருக்கும். லைசின் செய்கிற வேலைகளில் பாதி அந்த நுனியால் நடப்பவை. சூட்டில் அது கெடுவதும் அதே நுனியால்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

சோற்றிலும் புரதம் இருக்கிறதுதானே? பிறகு ஏன் குறை என்கிறீர்கள்?

இருக்கிறது. 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 7 கிராம் புரதம் உண்டு. நாம் தின்கிற அளவுக்கு அது சிறிய தொகையில்லை. சிக்கல் அந்தப் புரதத்தின் சேர்மானத்தில்.

மருதமுனையில் தறியில் சாரம் நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். நான்கு நிறத்தில் கோடு போட்ட சாரம். நீலம், பச்சை, வெள்ளை நூல் கூடைகூடையாகக் கிடக்கிறது, சிவப்பு நூல் மட்டும் ஒரு சாரத்துக்குத்தான் காணும். எத்தனை சாரம் நெய்யலாம்? ஒன்றுதான். மற்ற நூல் எவ்வளவு மிஞ்சினாலும் அந்தக் கோலத்தில் இரண்டாவது சாரம் வராது. உடலும் அப்படித்தான் புரதம் நெய்கிறது. ஒரு புரதத்துக்குக் குறிப்பிட்ட இடத்தில் லைசின் வேண்டுமென்றால், அந்த இடத்தில் வேறொன்றை வைத்துச் சமாளிக்காது. லைசின் முடிந்தால் தறி நின்றுவிடும். மிஞ்சிய அமினோ அமிலங்களைக் கொழுப்புப்போலச் சேமித்து வைக்கவும் வழியில்லை. உடைத்து எரித்து, நைதரசனை யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும்.

அரிசிப் புரதத்தில் அந்தச் சிவப்பு நூல் லைசின். உலக சுகாதார அமைப்பின் கணக்கில், வளர்ந்தவருக்கு ஏற்ற புரதம் ஒவ்வொரு கிராமிலும் 45 மில்லிகிராம் லைசின் வைத்திருக்க வேண்டும். அரிசிப் புரதத்தில் அது 36க்குக் கிட்ட நிற்கிறது. கோதுமை மாவில் 22 அளவுதான்.

இது இன்று நேற்றுக் கண்டதல்ல. 1914இல் அமெரிக்காவில் ஒஸ்போன், மெண்டல் என்ற இருவர் எலிகளுக்குப் புரதமாகக் கோதுமையின் கிளையடின் ஒன்றையே கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் சாகவில்லை, வளரவுமில்லை. அதே தீனில் லைசினைச் சேர்த்தவுடன் வளரத் தொடங்கின. வயிறு நிறைந்தும் வளர்ச்சி நின்றுபோன அந்த எலிகளைப் பற்றி வகுப்பில் சொல்லும்போதெல்லாம், வெறும் பாணும் தேத்தண்ணியும் குடித்துவிட்டு முன்வாங்கில் வந்து இருக்கிற சில பிள்ளைகளின் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடிவதில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்?

வளர்ந்தவருக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராம். இது 2007இல் உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அளவு. 3 முதல் 14 வயது வரை கிலோவுக்கு 35. ஒன்று, இரண்டு வயதில் 45. ஆறு மாதக் குழந்தைக்கு 64. பிள்ளை எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்குக் கிலோக் கணக்கு ஏறுகிறது, வளர்கிற உடம்பல்லவா.

என் அம்மாவை வைத்தே கணக்குப் பார்ப்போம். அவர் 55 கிலோ. 55ஐ 30ஆல் பெருக்கினால் 1,650 மில்லிகிராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினித் தராசில் அவருடைய அரிசியை நிறுத்தேன். காலையில் இடியப்பத்து மா, மத்தியானம் சோறு, இரவு பிட்டு, எல்லாம் சேர்த்து அரிசியாக 300 கிராமுக்குக் கிட்ட. அதில் லைசின் 770 மில்லிகிராம். பாதிக்கும் கீழே. மிச்சம் கறியில்தான் வர வேண்டும்.

அன்றைக்குச் சூரைக் கறி. அம்மாவின் தட்டில் விழுந்த இரண்டு துண்டும் பச்சையாக 100 கிராம் இருந்திருக்கும். அதில் மட்டும் 2,000 மில்லிகிராம். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

மீன் இல்லாத நாளில் என்ன செய்வது? மைசூர்ப் பருப்பு 40 கிராம் போட்டுக் கறி வைத்தால் 680 மில்லிகிராம். ஒரு சின்னக் கோப்பைத் தயிர், 100 கிராம், ஏறக்குறைய 300. சோற்றின் 770ஐயும் கூட்டிப் பாருங்கள். 1,750 வருகிறது. மீனுமில்லை, இறைச்சியுமில்லை, தேவை நிறைந்துவிட்டது. "நாங்க எந்தக் கணக்குப் பாத்தமகா, பருப்பும் தயிரும் இல்லாமச் சோறு இறங்காது, அவ்வளவுதான்" என்றார் அம்மா.

பாண், ரொட்டி, கொத்து எல்லாம்?

இங்கேதான் எனக்குக் கவலை கூட. ஒரு றாத்தல் பாணில் பாதியைத் தின்றாலும் லைசின் சுமார் அரைக் கிராம்தான் சேரும். தொட்டுக்கொள்வது தேங்காய்ச் சம்பல் என்றால் அதிலும் லைசின் மிகக் குறைவு. காலையில் பாணும் சம்பலும், இரவு கோதுமை மா ரொட்டியும் சம்பலும் என்று ஓடுகிற வீடு, அரிசி தின்கிற வீட்டைவிடப் பின்தங்கித்தான் நிற்கும். கோதுமையில் புரதம் அரிசியைவிடக் கூட இருந்தும் நிலைமை இதுதான்.

2022 நெருக்கடியில் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. முட்டை விலையும் பருப்பு விலையும் ஏறின. பல வீடுகளில் முதலில் சுருங்கியது கறிதான், சோறு அல்ல. வயிற்றை நிரப்பச் சோறும் பாணும் போதும், ஆனால் லைசின் இருந்தது வெட்டப்பட்ட அந்தக் கறியில். அந்த மாதங்களில் எங்கள் வகுப்பில் பிள்ளைகள் மெலிந்ததைக் கண்ணால் கண்டேன்.

பாணை விட்டுவிடச் சொல்லவில்லை. பாணுக்குப் பருப்புக் கறி வையுங்கள். ரொட்டிக்குக் கட்டைச் சம்பலோடு ஒரு முட்டையும் பொரியுங்கள். கொத்து ரொட்டியில் முட்டையும் இறைச்சியும் சேர்வதால் அது இந்தக் கணக்கில் தப்பிக்கொள்கிறது. எண்ணெயும் உப்பும் வேறு கதை.

குத்தரிசி, குரக்கன், சோளன் தின்றால் லைசின் கூடுமா?

குத்தரிசியில் தவிடு இருப்பதால் லைசின் சற்றுக் கூட, பெரிய வித்தியாசம் இல்லை. அதை நார்ச்சத்துக்காகவும் பி1 உயிர்ச்சத்துக்காகவும் தின்னுங்கள். குரக்கன் சுண்ணாம்புச் சத்துக்குப் பேர்போனது, லைசினுக்கு அல்ல. சோளனிலும் லைசின் குறைவே, டிரிப்டோபான் என்ற இன்னொன்றும் சேர்ந்து குறைவு. 1964இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில், லைசின் கூடிய ஒரு சோள வகையைக் கண்டறிந்தார்கள். அதை வைத்துத் தரமான புரதச் சோளத்தை வளர்த்தெடுத்த சுரிந்தர் வாசலுக்கும் எவாஞ்சலினா வில்லெகாசுக்கும் 2000இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. ஒரு தானியத்தில் இந்த ஒற்றைக் குறையைத் தீர்ப்பதற்கு மனிதர்கள் எவ்வளவு காலம் உழைத்திருக்கிறார்கள் பாருங்கள். மழைக்காலத்தில் சேனைச் சோளனை அவித்துத் தின்பதில் ஒரு குறையுமில்லை, கூடவே கொஞ்சம் கௌபியும் அவித்துக்கொள்ளுங்கள்.

லைசின் உடம்பில் என்ன வேலை செய்கிறது?

ஒரு நீண்ட பட்டியலாகச் சொல்லலாம், ஆனால் ஒரு வேலையை விளங்கிக்கொண்டால் மற்றவை தானே விளங்கும்.

வாவிக்கரையில் வலை பொத்துகிறவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். நூல் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் முடிச்சு இல்லாவிட்டால் அது வலையாகாது, வெறும் நூற்கட்டு. நம் தோல், எலும்பு, தசைநாண், இரத்தக் குழாய்ச் சுவர் எல்லாவற்றையும் தாங்கி நிற்கிற புரதம் கொலாஜன். கயிறுபோல மூன்று இழை முறுக்கிய நார் அது. ஒரு நாரை மற்ற நாரோடு கட்டுகிற முடிச்சு லைசினின் நுனியில்தான் விழுகிறது. முதலில் சில லைசின்கள் ஹைட்ரொக்சிலைசினாக மாற வேண்டும், அதற்கு உயிர்ச்சத்து சி வேண்டும். பிறகு நார்களைப் பிணைக்கிற நொதியம் செம்பு இல்லாமல் வேலை செய்யாது. காயம் ஆறுகிறவருக்கு மீனோடு தேசிக்காய்ப் புளியும் கொய்யாப் பழமும் கொடுக்கச் சொல்வது இதனால்தான். லைசினை மட்டும் கூட்டிக் கொடுத்து, சி சத்து இல்லாமல் விட்டால் முடிச்சு விழாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொழுப்பை எரிக்கிற இடத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற கார்னிட்டின் என்ற பொருளை உடல் லைசினையும் மெதியோனின் என்ற இன்னோர் அமினோ அமிலத்தையும் கொண்டே செய்கிறது. குடலிலிருந்து கல்சியம் உள்ளே போகவும் லைசின் கைகொடுக்கிறது. நம் டி.என்.ஏ. சுற்றிக்கிடக்கிற ஹிஸ்டோன் என்ற உருளைப் புரதங்களில் லைசின் நிறைய உண்டு. டி.என்.ஏ. எதிரேற்றம் கொண்டது, லைசின் நுனி நேரேற்றம் கொண்டது, அதனால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. நோய் எதிர்க்கிற பிறபொருளெதிரிகளும் புரதம்தான், அவற்றுக்கும் லைசின் வேண்டும்.

எந்த மீன் நல்லது? விலை கூடிய மீனில்தான் இருக்குமா?

இல்லவே இல்லை. லைசின் விலையைப் பார்த்து இருப்பதில்லை. அறக்குளாவில் இருப்பதும் சாளையில் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். மீன் தசையின் புரதத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைய லைசின். வாழைச்சேனையிலிருந்து வருகிற சூரையானாலும், வாவியில் பிடிபட்ட மணலை, செல்வன், இறால் ஆனாலும், குளத்துத் திலாப்பியாவானாலும் 100 கிராம் பச்சை மீனில் 1,600 முதல் 2,000 மில்லிகிராம் கிடைக்கும். குளத்து மீனைக் கழித்துவைக்கிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. லைசினைப் பொறுத்தவரை அதற்கு நியாயமில்லை.

கருவாட்டில் தண்ணீர் வற்றிப்போவதால் ஒரே நிறையில் புரதம் இன்னும் கூட. கூனியும் அப்படித்தான். ஒரு பிடி கூனி வறுத்து இடித்த சம்பல், வெறும் தேங்காய்ச் சம்பலைவிடப் பல மடங்கு மேல். ஆனால் பிரஷர் உள்ளவர்கள் உப்புக் கருவாட்டைக் கவனமாக எடுக்க வேண்டும். ஊறவைத்து இரண்டு தண்ணீரில் கழுவினால் உப்புக் குறையும்.

கோழி, மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி எல்லாவற்றிலும் மீனுக்கு நிகராக உண்டு. ஒரு முட்டையில் 450 மில்லிகிராம்.

நாங்கள் மீன் மாமிசம் தொடாதவர்கள். விரத காலத்திலும் அப்படித்தான். என்ன செய்வது?

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கிவிட்டால் ஊரே மச்சம் நிறுத்திவிடும். அந்த நாட்களில் பானையில் என்ன வேகிறது என்று நினைத்துப் பாருங்கள்: பயறு, பருப்பு, கடலை, தயிர். அவரை இனம் எல்லாம் அரிசிக்கு நேர்மாறு. லைசின் நிறைய, மெதியோனின் குறைவு. அரிசியில் லைசின் குறைவு, மெதியோனின் போதுமான அளவு. ஒன்றின் பள்ளத்தை மற்றது மூடுகிறது. பயறு போட்ட பொங்கல் இந்தப் பொருத்தத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. 40 கிராம் பயற்றில் 660 மில்லிகிராம் லைசின். கௌபியும் கடலையும் அதற்குக் கிட்டவே வரும். சோயா மீட் 50 கிராம் சமைத்தால் 1,500 வரை கிடைக்கும்.

கச்சானைப் பற்றி ஒரு எச்சரிக்கை. புரதம் நிறைய உண்டு, ஆனால் அந்தப் புரதத்தில் லைசின் பருப்பு வகைகளின் பாதிதான். 30 கிராம் கச்சானில் 280 மில்லிகிராம் அளவு. பருப்புக்குப் பதிலாகக் கச்சான் என்று எண்ண வேண்டாம், இரண்டும் இருக்கட்டும்.

சோற்றையும் பருப்பையும் ஒரே நேரத்தில் தின்ன வேண்டுமா?

அப்படித்தான் முன்பு சொன்னார்கள். இப்போது அவ்வளவு இறுக்கமாகச் சொல்வதில்லை. வளர்ந்தவர் ஒருவர் காலையில் இடியப்பமும் மத்தியானம் பருப்பும் எடுத்தாலும் அந்த நாளுக்குள் சேர்ந்தால் போதும். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒவ்வொரு வேளையிலும் ஏதோ ஒன்று சேரட்டும், அவர்கள் வயிறு சிறிது.

சமைக்கும்போது லைசின் அழிந்துவிடுமா? தயிரில் பாணி விட்டால்?

அவிப்பதால், குழம்பு வைப்பதால் பெரிய இழப்பில்லை. கெடுப்பது தண்ணீரில்லாத சூடும் சீனியும் சேர்கிற இடம். லைசினின் நுனியில் இருக்கிற அமினோக் கூட்டம், சூட்டில் குளுக்கோஸ், லக்டோஸ் போன்ற சீனிகளோடு ஒட்டிக்கொள்ளும். பாணின் மேல்தோல் பொன்னிறமாவதும், பால் டொபி கிண்டக் கிண்ட மண்ணிறமாவதும் அந்த ஒட்டலால்தான். மணமும் சுவையும் அதனால்தான் வருகின்றன. ஒட்டிய லைசினைக் குடலால் பிரித்தெடுக்க முடியாது, கணக்கிலிருந்து போய்விடும். ஆகவே பால் டொபியைப் பால் என்று எண்ணிப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

தயிரும் பாணியும் கலப்பது குளிர்ந்த நிலையில், தின்னுகிற நேரத்தில். லைசினுக்கு ஒன்றும் ஆகாது. சீனி வருத்தம் உள்ளவர்கள் பாணியைக் குறைக்க வேண்டும் என்பது வேறு காரணம். தயிர் உறையும்போது பக்டீரியா பாலிலுள்ள லக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடும், லைசினைத் தொந்தரவு செய்யாது.

காய்ச்சலுக்குப் பிறகு உதட்டோரம் நீர்க்கொப்புளம் வருகிறது. லைசின் குளிசை போட்டால் நின்றுவிடும் என்கிறார்களே?

இணையத்தில் லைசின் என்று தேடினால் முதலில் வருவது இதுதான். அந்தக் கொப்புளத்துக்குக் காரணம் ஹெர்பஸ் சிம்பிளெக்ஸ் வைரசு. அது பெருகுவதற்கு ஆர்ஜினின் என்ற இன்னோர் அமினோ அமிலம் வேண்டும். லைசின் கூடினால் ஆர்ஜினினுக்கு இடமில்லாமல் போகும், வைரசு அடங்கும் என்பது எண்ணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2015இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற கொக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, கொப்புளம் திரும்ப வருவதை லைசின் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கச்சானில் ஆர்ஜினின் கூட, அதை நிறுத்துங்கள் என்று சொல்வதற்கும் வலுவில்லை. அடிக்கடி வந்து தொல்லை தந்தால் டொக்டரிடம் காட்டுங்கள், அந்த வைரசுக்கென்றே மருந்து உண்டு. கொப்புளம் இருக்கும்போது கைக்குழந்தையைக் கொஞ்சாதீர்கள். இது குளிசையைவிட முக்கியம்.

ஜிம்முக்குப் போகிறேன். லைசின் குளிசை வாங்கலாமா?

கல்முனைப் பக்கத்திலிருந்து என்னிடம் படித்த ஒரு பிள்ளை, இப்போது வேலைக்குப் போகிறார், ஒரு போத்தலோடு வீட்டுக்கு வந்தார். "டீச்சர், இது கொழுப்பக் கரைக்குமாம், மசில் வைக்குமாம், கடையில சொன்னாங்க." சம்பளத்தில் நல்ல ஒரு பங்கு அதற்குப் போயிருந்தது. போத்தலைத் திருப்பிச் சிற்றெழுத்தைப் படித்தோம். எல்-லைசின் ஹைட்ரோகுளோரைட் 1,000 மில்லிகிராம். ஹைட்ரோகுளோரைட் என்ற பகுதியைக் கழித்தால் மிஞ்சுவது 800 மில்லிகிராம் லைசின். "மகன், நேற்று என்ன கறி?" என்று கேட்டேன். "சூரை" என்றார். எத்தனை துண்டு? மூன்று. நான்கு குளிசைக்குக் கிட்ட நேற்றே தின்றுவிட்டார். சூரையில் லைசினோடு மற்ற எட்டு அமினோ அமிலங்களும் இரும்பும் கூட வந்தன, போத்தலில் அவை இல்லை.

கார்னிட்டின் லைசினிலிருந்து உண்டாகிறது என்பது உண்மை. அதிலிருந்து "லைசின் கூடினால் கொழுப்புக் கரையும்" என்று தாவுவதுதான் பிழை. உடல் தனக்கு வேண்டிய கார்னிட்டினைச் செய்துகொண்டு நிறுத்திவிடும். மிச்சத்தை எரித்துவிடும். தசை வைக்கப் பாரம் தூக்க வேண்டும், நாள் முழுவதற்கும் போதிய புரதம் தின்ன வேண்டும், தூங்க வேண்டும்.

லைசின் மனப்பதற்றத்தைக் குறைக்குமா?

2004இல் வெளிவந்த ஒரு ஆய்வு இருக்கிறது. வடமேற்குச் சிரியாவில் கோதுமையையே பெரும்பாலும் நம்பி வாழ்ந்த ஏழைக் குடும்பங்களுக்கு லைசின் சேர்த்த மாவு கொடுத்தார்கள். ஆண்களிடம் பதற்றம் குறைந்தது பதிவானது. அவர்கள் லைசின் குறைந்த சாப்பாட்டில் இருந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. மீனும் பருப்பும் தின்கிறவருக்கு மேலும் லைசின் கொடுத்தால் மனம் அமைதியாகும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. பதற்றம் இருந்தால் அதற்கான உதவியைத் தேடுங்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சாப்பாட்டில் வருகிற லைசினால் சுகமான ஆளுக்குக் கெடுதல் இல்லை. குளிசையாக நிறைய எடுத்தால் வயிற்றுவலி, குமட்டல், வயிற்றோட்டம் வரலாம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் எந்தப் புரதக் குளிசையையும் மாவையும் டொக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது, யூரியாவை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். கர்ப்பிணிகளும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கல்சியம் குளிசை பாவிக்கிறவர்கள் லைசின் கல்சியத்தை உள்ளே எடுப்பதைக் கூட்டும் என்பதை டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

அரிதாகச் சில குழந்தைகள் லைசினை உடைக்கிற நொதியத்தில் குறையோடு பிறக்கிறார்கள். குளூட்டாரிக் அசிடூரியா வகை 1 அப்படியொன்று. அவர்களுக்கு லைசின் குறைந்த சாப்பாடுதான் மருந்து. அது நிபுணரின் கையில் நடக்க வேண்டியது. அப்படியொரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பக்கத்தில் நான் சொன்ன எதையும் அதற்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

கோழித் தீன் பையில் லைசின் என்று போட்டிருக்கிறது. இரசாயனமா?

இது சம்மாந்துறைப் பக்கத்திலிருந்து வந்த கேள்வி, நல்ல கேள்வி. கோழித் தீனில் பெரும்பகுதி சோளம், அதில் லைசின் குறைவு என்று மேலே பார்த்தோம். கோழிக்கும் லைசினைச் செய்ய முடியாது. ஆகவே சேர்க்கிறார்கள். அந்த லைசின் பெரும்பாலும் கொரினிபக்டீரியம் குளுட்டாமிக்கம் என்ற பக்டீரியாவைச் சீனிக் கரைசலில் வளர்த்துப் புளிக்கவைத்து எடுப்பது. 1950களில் யப்பானில் தொடங்கிய தொழில். மீனில் இருக்கிற லைசினும் பையில் இருக்கிற லைசினும் மூலக்கூறாக ஒன்றே. பயப்பட ஒன்றுமில்லை.

ஒன்றரை வயதுப் பிள்ளை மீனைத் துப்புகிறது. என்ன கொடுப்பது?

தாய்மார் அதிகம் கேட்பது இதைத்தான். 10 கிலோ உள்ள பிள்ளைக்கு நாளைக்கு 450 மில்லிகிராம் போதும், ஒரு முட்டையில் இருப்பது அவ்வளவு. தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் அதிலும் ஒரு பங்கு போகிறது. கிளினிக்கில் திரிபோஷா என்ற சத்துமாத் தந்தால் அதை வீட்டில் எல்லாரும் பகிர்ந்துவிடாமல் பிள்ளைக்கே கொடுங்கள், சோளத்தின் குறையைச் சோயா நிரப்புகிற மாதிரித்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

மீன் துப்புவது பெரும்பாலும் முள்ளுக்கும் மணத்துக்கும்தான். என் தங்கையின் மகளுக்கு நாங்கள் செய்தது இது. உப்பில்லாமல் காய்ந்த நெத்தலியை வாங்கித் தலையையும் குடலையும் கிள்ளி எடுக்க வேண்டும். கழுவி, ஒரு வெயில் காயவைத்து, எண்ணெய் விடாமல் சின்ன நெருப்பில் மொறுமொறுப்பாகும் வரை வறுக்க வேண்டும், கருகக் கூடாது. ஆறிய பிறகு அரைத்து, அரிதட்டில் அரித்து, முள் தட்டுப்படாத தூளாக எடுத்து மூடிய போத்தலில் வையுங்கள். குழைந்த சோற்றில் பருப்புத் தண்ணியும் கொஞ்சம் தேங்காய்ப் பாலும் விட்டு, இந்தத் தூளில் ஒரு தேக்கரண்டி சேர்த்துப் பிசைந்தால் மணம் அவ்வளவாகத் தெரியாது. முதல் நாள் அரைக் கரண்டி போட்டுப் பாருங்கள். தோலில் தடிப்போ வாந்தியோ இல்லையென்றால் மறுநாள் கூட்டலாம். உப்பு நெத்தலிதான் கிடைத்தது என்றால் அரை மணித்தியாலம் ஊறவைத்துக் கழுவிய பிறகு காயவையுங்கள். ஒரு கிழமைக்கு அளவாக மட்டும் செய்யுங்கள், அதற்கு மேல் வைத்தால் எண்ணெய் வாடை ஏறும், பிள்ளை திரும்பவும் துப்பத் தொடங்கும்.